பழைய அலைவுகாட்டியும் நூறு டொலர்த் தாளில் இருக்கும் மனிதரும்

நியூசிலாந்தின் நூறு டொலர்த் தாள் எங்கள் கைகளில் அடிக்கடி புழங்குவதில்லை. கடையில் அட்டையைத் தட்டிவிட்டு வந்துவிடுகிறோம். கலியாண வீட்டுக்கோ பிறந்தநாளுக்கோ போகும்போது உறைக்குள் வைப்பதற்காக வங்கியில் எடுப்போம். அப்போதும் அதில் இருக்கும் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. மீசை வைத்த அந்த மனிதர் ஏர்னஸ்ட் ரதர்போர்ட். ஒக்லாந்தின் மேற்கே தெ அட்டாட்டூவில் அவர் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. ஊரில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்குப் பொன் தகட்டுப் பரிசோதனையோடு சேர்த்து அவரை நினைவிருக்கும்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரு பழுதான பெட்டியால்.

எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு பழைய அலைவுகாட்டி இருக்கிறது. ஒசிலோஸ்கோப் என்று எல்லோரும் சொல்லும் கருவி அதுதான். மின் அலையைப் பச்சைக் கோடாகத் திரையில் காட்டும். கனமான பெட்டி, குழாய்த் திரை, வயது நாற்பதுக்கு மேல். ஒருநாள் ஆளியைப் போட்டால் திரை இருட்டாகவே கிடந்தது. உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இந்தச் சத்தம் திருத்து வேலை செய்பவர்களுக்குப் பழக்கமானது. இத்தகைய பெட்டியின் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஆடலோட்டத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேரோட்டமாக்கும். பிறகு ஒரு திரான்சிற்றர் அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சிறிய நிலைமாற்றிக்குள் அனுப்பும். அந்த நிலைமாற்றியின் வெவ்வேறு சுருள்களிலிருந்து 5 வோல்ட், 15 வோல்ட், திரைக்குத் தேவையான உயர் அழுத்தம் என்று எல்லாம் பிரிந்து போகும். எங்காவது அளவுக்கு மீறி மின் இழுக்கப்பட்டால், மின்வழங்கி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். சற்றுப் பொறுத்து மீண்டும் எழும்பப் பார்க்கும், மீண்டும் அணையும். அதுதான் அந்த டிக் டிக்.

நான் இருவாயிகளைப் பார்த்தேன், கொள்ளளவிகளை மாற்றினேன், திரான்சிற்றரையும் மாற்றினேன். சத்தம் மாறவில்லை. மிஞ்சியது நிலைமாற்றி. அதற்குள் ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் காவலி கருகி ஒட்டிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. அந்த நிலைமாற்றி இப்போது எங்கும் விற்பனைக்கு இல்லை. பெட்டியைக் கழிவுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவுசெய்தபோதுதான் எங்கள் ஊர் அண்ணர் ஒருவர் வந்தார்.

அவர் யாழ்ப்பாணத்தில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கடையை விட்டுவிட்டு, ஒரு பல்மானியைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்தவர். இங்கே வந்த பிறகு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கினார். அவருக்கு என்ன தெரியும் என்று வேலை கொடுத்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நிலைமாற்றி செத்துவிட்டது என்று எப்படி முடிவு கட்டினாய்? தடையை அளந்து பார்த்ததாகச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சுருளின் தடை ஓர் ஓமின் சிறு பங்கு. அதில் ஒரு சுற்றுக் குறுஞ்சுற்றானால் பல்மானிக்கு எதுவும் தெரியாது. சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் செய்வதைத்தான் செய்யவேண்டும் என்றார். தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல பானை கணீர் என்று நின்று ஒலிக்கும், கீறல் விழுந்த பானை பொத்தென்று அடங்கிவிடும்.

நிலைமாற்றியைத் தட்டுவது இப்படித்தான். பெரிய கொள்ளளவியில் தேங்கியிருக்கும் மின்னை முதலில் ஒரு தடையியால் வடிய விட்டோம். பெட்டியை அணைத்துச் சில நிமிடம் ஆன பிறகும் அது உயிரை வாங்கக்கூடியது. நிலைமாற்றியைப் பலகையிலிருந்து கழற்றி எடுத்தோம். அதன் முதற்சுருளோடு ஒரு சிறு கொள்ளளவியை இணைத்து, ஒரு குறுகிய மின்துடிப்பைக் கொடுத்து, அவருடைய அலைவுகாட்டியில் பார்த்தோம். மின் கொள்ளளவிக்கும் சுருளுக்கும் இடையே ஊஞ்சல் போல ஆடி, மெல்ல மெல்லத் தணியும். நல்ல சுருளில் பத்துப் பன்னிரண்டு அலைகள் தெரியும். ஒரே ஒரு சுற்றுக் குறுஞ்சுற்றாகி இருந்தாலும் அது முழுச் சக்தியையும் குடித்துவிடும். இரண்டு அலையோடு கோடு படுத்துவிடும். என் நிலைமாற்றி பன்னிரண்டு அலைகளுக்கு மேல் ஆடியது. அது சாகவில்லை.

மின்னைச் சுருளுக்குள் ஆடவிட்டு, அது எப்படித் தணிகிறது என்று பார்க்கும் இந்தச் சோதனையின் மூலத்தைத் தேடிப் போனபோது, நான் போய்ச் சேர்ந்த இடம் இந்த நாட்டின் தென்தீவு. கிறைஸ்ட்சேர்ச் நகரில், 1893, 1894 ஆம் ஆண்டுகளில், குளிர்காற்று வீசும் ஒரு நிலவறையில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த மாணவன்தான் நூறு டொலர்த் தாளில் இருக்கும் மனிதர்.

ஏர்னஸ்ட் ரதர்போர்ட் 1871 ஓகஸ்ட் 30 ஆம் திகதி நெல்சன் நகருக்கு அண்மையில் பிறைட்வோட்டரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் சிறுவனாக ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர். வண்டிச் சக்கரம் செய்தார், சணல் போன்ற நார் எடுக்கும் ஆலை நடத்தினார். தாய் மார்த்தா இங்கிலாந்தில் பிறந்தவர், ஆசிரியை. பன்னிரண்டு பிள்ளைகளில் ஏர்னஸ்ட் நான்காவது. சகோதரர்களில் ஒருவர் குழந்தையிலேயே போனார். இரண்டு பேர் மார்ல்பரோ கடற்கால்வாயில் மூழ்கி இறந்தார்கள். தாய் அதன்பிறகு வீட்டில் இருந்த பியானோவைத் தொடவில்லை என்று அந்தக் குடும்பத்தில் சொல்லிவந்தார்கள்.

படிப்பதற்குக் காசு இல்லை. புலமைப்பரிசில் ஒன்றுதான் வழி. நெல்சன் கல்லூரிக்கான பரிசில் பரீட்சையில் அவர் முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை 600 புள்ளிகளுக்கு 580 எடுத்தார். பல்கலைக்கழகப் பரிசிலும் அப்படியே இரண்டாவது முயற்சியில்தான் கிடைத்தது. 1890 இல் கிறைஸ்ட்சேர்ச்சின் கன்ரபரி கல்லூரிக்குப் போனார். 1893 இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்போடு முதுமாணிப் பட்டம். ஆனால் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் கல்லூரிக் கட்டடத்தின் கீழே ஒரு சிறு நிலவறை. கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் போகிறவர்கள் பழைய கல்லூரிக் கட்டடத்தில் ரதர்போர்டின் குகை என்ற பெயரில் அதை இன்றும் காணலாம். அங்கே முதலில் அவர் ஒரு நேரக்கருவி செய்தார். மின்சுற்றை ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் ஆளி போட்டு மாற்றக்கூடிய கருவி. என் பெட்டியில் மின்னை வெட்டும் திரான்சிற்றர் திறந்திருக்கும் நேரமும் அந்த வரிசையிலேயே வருகிறது. திரான்சிற்றர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர், கையால் செய்த கருவியால் அவர் அதைச் சாதித்தார்.

அடுத்து அவர் எடுத்துக்கொண்ட கேள்வி: மிக விரைவாகத் திசை மாறும் மின்னோட்டத்தில் இரும்பு காந்தமாகுமா? மெல்ல மாறும் மின்னோட்டத்தில் இரும்பு நன்றாகக் காந்தமாகும் என்பது மைக்கேல் பரடே 1831 இல் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றி நிலைமாற்றியின் முன்னோடியைச் செய்த காலத்திலிருந்தே தெரியும். ஆனால் செக்கனுக்குப் பல இலட்சம் தடவை மாறினால் இரும்பு அதற்கு ஈடுகொடுக்காது என்று பெரிய அறிஞர்கள் சிலர் நினைத்திருந்தார்கள்.

ரதர்போர்ட் லைடன் சாடி எனப்படும் பழைய கொள்ளளவியை மின்னேற்றி ஒரு சுருளின் ஊடாக வெறுமையாக்கினார். மின் முன்னும் பின்னுமாக ஆடித் தணிந்தது. சுருளுக்குள் ஓர் உருக்கு ஊசியை வைத்திருந்தார். அந்த ஊசி காந்தமாகியிருந்தது. பிறகு அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஊசியை அமிலத்தில் போட்டு மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தார். கரைக்கக் கரைக்கக் காந்தம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தார். மெல்லிய மேற்தோல் கரைந்ததும் காந்தமும் போய்விட்டது. இரும்பு மிக உயர்ந்த மீடிறனிலும் காந்தமாகிறது, ஆனால் தோலளவில் மட்டுமே என்பது இப்படித் தெரியவந்தது.

காரணம் இது. காந்தப்புலம் மாறும்போது உலோகத்துக்குள் சுழிப்போட்டங்கள் எழும்; அவை புலம் உள்ளே போகாமல் தடுத்து நிற்கும். எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மெல்லிய தோலில் காந்தம் நின்றுவிடும், மிச்சம் சூடாகும். அதனால்தான் தெருவோரத்து நிலைமாற்றியின் அகணி மெல்லிய தகடுகளாக அடுக்கப்படுகிறது. அதனால்தான் என் பெட்டியின் சிறு நிலைமாற்றியில் இரும்புக் கட்டியே இல்லை. அதன் அகணி பெரைட் என்னும் கரிய மட்பாண்டம் போன்ற பொருள்; காந்தமாகும், ஆனால் மின்னை இலகுவில் கடத்தாது. 1930 இல் தோக்கியோவில் கற்றோ, தக்கேய் என்ற இருவர் உருவாக்கிய பொருள் அது. இன்று தொலைபேசி மின்னேற்றி, மடிக்கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் இருக்கிறது.

நிலவறை ஆராய்ச்சியைக் காட்டி அவர் 1851 கண்காட்சிப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தார். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய நியூசிலாந்துக்கு அந்தச் சுற்றில் ஒரே ஓர் இடம். போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். மற்றவர் எங்கள் ஒக்லாந்துப் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜேம்ஸ் மக்லோரின். சயனைட்டுக் கரைசலில் பொன் எவ்வாறு கரைகிறது என்று ஆராய்ந்த இரசாயனவியலாளர். கோரமண்டல் மலைகளில் பொன் தோண்டிய காலத்தில் அது மிகவும் பயனுள்ள ஆராய்ச்சி. பரிசில் மக்லோரினுக்குத்தான் கிடைத்தது. ஆனால் அவரால் அதை ஏற்க முடியவில்லை. அரசாங்க வேலையில் சேர்ந்தார். இடம் ரதர்போர்டுக்கு வந்தது. செய்தி வந்தபோது அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. வாழ்க்கையில் மூன்றாவது தடவையாக, முதலில் கிடைக்காதது இரண்டாவதாகக் கிடைத்தது.

1895 இல் கப்பல் கூலிக்குக் கடன் வாங்கிக்கொண்டு அவர் இங்கிலாந்துக்குப் போனார். வேறு பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களைக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி மாணவராக ஏற்கத் தொடங்கிய முதல் ஆண்டு அது. குடியேற்ற நாட்டிலிருந்து வந்தவன் என்று ஏளனம் செய்தவர்களும் அங்கே இருந்தார்கள். கவென்டிஷ் ஆய்வுகூடத்தில் ஜே. ஜே. தொம்சன் அவரை ஏற்றுக்கொண்டார். ஊசிக் காந்தத்தை வைத்து அவர் வானொலி அலைகளை அறியும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அதனால் அரை மைலுக்கு அப்பாலிருந்து வந்த அலையைப் பிடித்தார். மார்க்கோனி பின்னர் 1902 இல் கப்பல்களுக்காகச் செய்த காந்த அறிகருவி அந்த வழியில் வந்ததே.

வானொலியில் நின்றிருந்தால் அவர் பணக்காரராகியிருக்கலாம். ஆனால் 1895 முடியும் வேளையில் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. தொம்சன் அழைக்க, அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அதன் பிறகு நடந்தவை பாடப்புத்தகத்தில் இருப்பவை. யுரேனியக் கதிர்களில் இரண்டு வகை உண்டென்று கண்டு அல்பா, பீற்றா என்று பெயரிட்டார். 1898 இல் கனடாவின் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார், வயது 27. கிறைஸ்ட்சேர்ச்சில் தான் தங்கியிருந்த வீட்டின் மகள் மேரி நியூட்டனை 1900 இல் திரும்பி வந்து மணந்தார். மொன்றியலில் பிரெடரிக் சொடியுடன் சேர்ந்து, கதிர்த்தொழிற்பாட்டில் ஒரு மூலகம் தானாகவே இன்னொரு மூலகமாக மாறுகிறது என்று காட்டினார். அதற்காக 1908 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பௌதிகவியலாளரான அவருக்கு இரசாயனப் பரிசு என்பதே ஒரு வேடிக்கை.

அதற்குள் அவர் மான்செஸ்டருக்கு வந்திருந்தார். 1909 இல் கைகரும் மாணவரான மார்ஸ்டனும் உலோகத் தகட்டின்மீது அல்பா துணிக்கைகளைச் செலுத்தினார்கள். ஏறத்தாழ 8000 துணிக்கைகளுக்கு ஒன்று திரும்பி வந்தது. அந்த ஒன்றைத் தவறு என்று ஒதுக்கிவிடாமல் இரண்டு ஆண்டு யோசித்து, 1911 இல் அணுவின் நடுவே மிகச்சிறிய கரு உண்டு என்று ரதர்போர்ட் சொன்னார். அந்த மார்ஸ்டன் அவருடைய பரிந்துரையோடு வெலிங்டனுக்குப் பேராசிரியராக வந்து, இந்த நாட்டின் விஞ்ஞானத்துறையைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரானார். இன்னொரு மாணவரான மோஸ்லி 1915 இல் கலிப்பொலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் எதைத் தின்னும் என்று ரதர்போர்ட் அறிந்திருந்தார்.

1919 இல் கவென்டிஷ் ஆய்வுகூடத்தின் தலைவரானார். கடன் வாங்கிக் கப்பலேறியவன் தொம்சனின் கதிரையில் அமர்ந்தார். சென்னையில் படித்த எங்கள் சந்திரசேகர் 1930 இல் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது அவருக்கு வழிகாட்டியாக இருந்த ரல்ஃப் பவுலர், ரதர்போர்டின் மருமகன். அதே ஆண்டு சேர் சி. வி. இராமனை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தவர்களில் ரதர்போர்டும் ஒருவர். அந்த ஆண்டின் முடிவில்தான் அவருக்குப் பேரிடி விழுந்தது. ஒரே மகள் எயிலீன் நான்காவது பிள்ளையைப் பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். சில நாட்கள் கழித்து அரசு அவருக்குப் பிரபுப் பட்டம் அறிவித்தது. நெல்சனின் ரதர்போர்ட் பிரபு என்று ஊரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். இலச்சினையில் கிவிப் பறவையையும் மாவோரி வீரரையும் வைத்தார்.

இங்கே என் கராஜுக்கு ஒருமுறை திரும்பவேண்டும். நிலைமாற்றி நல்லது என்று தெரிந்தபின் அதை மீண்டும் பொருத்தினோம். அண்ணர் சுவர் மின்னோடு தொடராக ஒரு பழைய இழைக் குமிழைப் போட்டார். எங்காவது குறுஞ்சுற்று இருந்தால் குமிழ் எரியும், பெட்டி தப்பும். பிறகு நிலைமாற்றியிலிருந்து போகும் பாதைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். திரைக்குப் போகும் உயர் அழுத்தப் பாதையைக் கழற்றியதும் டிக் டிக் நின்றது. மற்ற எல்லா அழுத்தங்களும் வந்தன. பழுது அழுத்தப் பெருக்கி என்னும் சிறு கட்டியில். அதற்குள் இருவாயிகளும் கொள்ளளவிகளும் ஏணி போல அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் அழுத்தம் கூடி, பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். அதன் காவலி உயர் அழுத்தத்தில் மட்டும் உடைந்தது. அதனால் பல்மானி அதைக் குற்றமற்றது என்று சொல்லியிருந்தது.

அந்த ஏணிச் சுற்றுக்கு உலகம் முழுவதும் கொக்ரொப்ட், வோல்டன் என்ற இருவரின் பெயர்தான். அவர்கள் ரதர்போர்டின் ஆட்கள். அணுக்கருவை உடைக்க வேகமான துணிக்கைகள் வேண்டும் என்று அவர் 1927 முதலே கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் ஒரு பெரிய நிலைமாற்றியின் அழுத்தத்தை இந்த ஏணியால் பல இலட்சம் வோல்ட்டாக உயர்த்தினார்கள். கண்ணாடிக் குழாய்களின் இடைவெளிகளைப் பிள்ளைகள் விளையாடும் களிம்பால் அடைத்தார்கள். 1932 ஏப்ரல் 14 ஆம் திகதி லிதியத்தின் கரு உடைந்தது. அறுபது வயதான, பருத்த உடம்புடைய ரதர்போர்ட் ஒரு சிறிய பெட்டி போன்ற அறைக்குள் உடலை மடக்கிப் புகுந்து, திரையில் விழும் ஒளிப்பொறிகளைத் தன் கண்ணால் பார்த்து, அவை அல்பா துணிக்கைகள்தான் என்று சொன்னார்.

ஆனால் எங்களைப் போன்றவர்கள் அவரை நினைக்கவேண்டிய ஆண்டு அதற்கு அடுத்தது.

1933 ஏப்ரலில் ஜேர்மனியின் நாசி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. யூதர்களும் அரசுக்கு வேண்டாதவர்களும் பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தப்பட்டார்கள். நேற்றுவரை பேராசிரியராக இருந்தவர், இன்று பெட்டியோடு ரயிலில். மே மாதம் லண்டனில் கல்வியாளர் உதவிச் சபை அமைக்கப்பட்டது. வில்லியம் பெவரிட்ஜும், தானே அகதியாக வந்த ஹங்கேரிய விஞ்ஞானி லியோ சிலார்டும் முன்னின்றார்கள். தலைவராக ரதர்போர்ட் இருக்கச் சம்மதித்தார். உடல் தளர்ந்த வயது, ஆய்வுகூடப் பொறுப்பு, வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்த நாடு. உள்ளூர்க்காரருக்கே இடமில்லாதபோது வெளியாருக்கு ஏன் என்ற முணுமுணுப்பு அன்றும் இருந்தது. அவர் பின்வாங்கவில்லை. அந்த ஆண்டு ஒக்ரோபர் 3 ஆம் திகதி லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அகதிகளுக்காக நிதி திரட்டிய பெருங்கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். பேசியவர்களில் ஒருவர் ஐன்ஸ்டைன்.

அந்தச் சபை செய்தது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் யார், என்ன தெரிந்தவர் என்று கேட்டு எழுதிவைத்தது. ஓராண்டு, ஈராண்டு வாழச் சிறு உதவித்தொகை கொடுத்தது. எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த மேசை காலியாக இருக்கிறது என்று தேடியது. வியன்னாவில் ஆசிரியராக இருந்த கார்ல் பொப்பருக்குக் கேம்பிரிட்ஜில் ஓர் இடம் கிடைக்கவிருந்தது. அதே வேளையில் கிறைஸ்ட்சேர்ச்சில், ரதர்போர்ட் படித்த அதே கல்லூரியில், விரிவுரையாளர் பதவியும் கிடைத்தது. பொப்பர் 1937 இல் இங்கே வந்தார். கேம்பிரிட்ஜ் உதவியைத் தன் நகரத்தவரான வைஸ்மனுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். மக்லோரின் விட்ட இடத்தில் ரதர்போர்ட் போனார். பொப்பர் விட்ட இடத்தில் இன்னொருவர் உயிர் தப்பினார். ரதர்போர்ட் இறந்த பின்னரும் அந்த அமைப்பு தொடர்ந்தது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்காக உழைத்து, மாற்றுத்திறனாளிகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு வித்திட்ட மருத்துவர் லுட்விக் குட்மனும் அதன் துணையோடு வந்த அகதியே. பெயர் மாறி அது இன்றும் இயங்குகிறது.

பீற்றர் கபிற்சாவின் கதையும் அதே காலத்தது. ரதர்போர்ட் மகனைப் போல நடத்திய ரஷ்ய விஞ்ஞானி அவர். 1934 இல் தாயைப் பார்க்கச் சோவியத் நாட்டுக்குப் போனவரைத் திரும்ப வரவிடவில்லை. ரதர்போர்ட் கடிதங்கள் எழுதினார், தூதுவரிடம் கேட்டார். பலிக்கவில்லை. கபிற்சா வேலையில்லாமல் வாடுகிறார் என்று தெரிந்ததும், கேம்பிரிட்ஜில் அவர் கட்டியெழுப்பிய பெரும் காந்தக் கருவிகளைச் சோவியத் அரசுக்கு விற்று அனுப்ப ஏற்பாடு செய்தார். ஆள் வரமுடியாவிட்டால் கருவிகளாவது போகட்டும் என்ற முடிவு அது.

அவர் பிழையே விடாதவர் என்று எண்ணவேண்டாம். 1933 செப்ரெம்பரில் ஒரு கூட்டத்தில், அணுவிலிருந்து பயன்படத்தக்க சக்தி எடுக்கலாம் என்பது வெறும் கனவு என்ற பொருள்படப் பேசினார். அது பத்திரிகையில் வந்தது. அதை வாசித்து எரிச்சலடைந்தவர் சிலார்ட். லண்டன் தெருவில் நடந்துகொண்டே யோசித்து, தொடர்த்தாக்கம் மூலம் அது முடியும் என்ற எண்ணத்துக்கு வந்தார். உலகின் மிகப் பெரிய அணு விஞ்ஞானி செத்தது என்று முடிவு கட்டியதை, அவர் தலைமை தாங்கிய சபைக்காக ஓடித்திரிந்த ஓர் அகதி உயிருள்ளது என்று கண்டார். அந்தச் சக்தி பின்னர் குண்டாகவும் வெடித்தது. அதைப் பார்க்க ரதர்போர்ட் இருக்கவில்லை.

1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடக்கவிருந்த இந்திய விஞ்ஞான மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கு அவர் தலைமை தாங்குவதாக இருந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னர் குடலிறக்கம் இறுகி, அறுவைச் சிகிச்சையின் பின், 1937 ஒக்ரோபர் 19 ஆம் திகதி கேம்பிரிட்ஜில் இறந்தார். வயது 66. சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே வைக்கப்பட்டது. கல்கத்தாவில் அவர் இடத்தில் ஜேம்ஸ் ஜீன்ஸ் தலைமை தாங்கினார். போன பிறகு நான்கு தடவைதான் அவர் நியூசிலாந்துக்கு வந்துபோனார். கடைசியாக 1925 இல்.

அவர் அகதி அல்லர். துரத்தப்பட்டு ஊரைவிட்டுப் போனவரும் அல்லர். எங்கள் கதையை அவர் கதையோடு ஒட்டுவது பொருந்தாது. ஆனால் இரண்டாம் தடவை பரீட்சை எழுத விடப்படாமலிருந்தால் அவர் நார் ஆலையில் இருந்திருப்பார். அதை அவர் மறக்கவில்லை என்றுதான் 1933 ஆம் ஆண்டு எனக்குச் சொல்கிறது.

எங்கள் அலைவுகாட்டிக்குப் பெருக்கிக் கட்டியைக் கழற்றிவிட்டு, இருவாயிகளையும் கொள்ளளவிகளையும் வாங்கி அண்ணர் புதிதாக ஓர் ஏணி கட்டினார். பச்சைக் கோடு திரும்பி வந்தது. நான் கழிவுக்கு அனுப்பவிருந்த பெட்டியில் கெட்டது உள்ளங்கை அளவான ஒரு துண்டு மட்டும். அண்ணரையும் இந்த நாடு பதினைந்து ஆண்டுகள் பல்மானியால் மட்டுமே அளந்தது. தட்டிப் பார்த்திருந்தால் ஒலித்திருப்பார். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் நான்கு பேர் அவரிடம் பற்றவைக்கப் பழகுகிறார்கள்.

புதிதாக வந்த ஒருவர், வேலை தேடி அலைகிற ஒருவர், உங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடுத்து, ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதிலைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நூறு டொலர்த் தாளை உறைக்குள் வைக்கும்போது அந்த முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.